அறையின் வெப்பக் கணக்கு



குளிர்நாடுகளில் வீடு கட்டுவோர், அறையைச் சூடாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமென்று முன்னரே கணக்கிடுவர். கூரை, சுவர் ஆகியவற்றின் பரப்பு, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, அவை வெப்பத்தைக் கடத்தும் அளவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் விடை கிடைக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார வெயிலில் வாழும் நமக்கும் அதே கணக்கு உதவும். அவர்கள் வெளியேறும் வெப்பத்தை அளப்பர். நாம் உட்புகும் வெப்பத்தை அளத்தல் வேண்டும்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், பங்குனி வெயிலில் தகரக்கூரையின் கீழ்த் தலை சாய்ந்த பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நாம் கடிந்துகொண்டதுண்டு. வெப்பக் கடத்தலைப் பாடமாக நடத்திய நாமே, தலைக்கு மேலிருந்த தகரத்தை எண்ணிப் பார்த்தோமில்லை. அப்பிழையை இன்று கணக்கிட்டுத் திருத்திக்கொள்வோம்.

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள படிப்பகத்தின் கூரை ஏறத்தாழ 28 சதுர மீட்டர். நண்பகலில் தகரம் அறையைவிட 20 டிகிரி மிகுதியாகச் சூடேறியிருப்பதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 6 வாட் வீதம் இறங்கும் வெப்பம் 3,360 வாட். அமர்ந்திருக்கும் ஒருவர் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். 30 பேருக்கு 3,000 வாட். சுவரையும் சன்னலையும் சேர்க்காமலே கூடுதல் 6,360 வாட்.

குளிர்சாதனம் வாங்கலாம் என்பர் இளைஞர் சிலர். 'ஒரு டன்' குளிர்சாதனம் என்பது, 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுகையில் ஈர்க்கும் வெப்பத்தை வைத்து எழுந்த அளவு. ஏறத்தாழ 3,500 வாட். ஆகவே நமக்கு இரண்டு டன் தேவைப்படும். மாதந்தோறும் மின்கட்டணமும் நம் தலைமேல் விழும்.

அதற்குமுன், கூரைமீது வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சுப் பூசுவோம். 20 டிகிரி வேறுபாடு 10 ஆகக் குறைந்தால், கூரைவழி வெப்பம் 1,680 வாட்டாகப் பாதியாகும். பூச்சில் புழுதி படியும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவிப் புதுப்பித்தல் வேண்டும். சூடான காற்று வெளியேற, எதிரெதிர்ச் சுவர்களின் மேற்பகுதியில் திறப்புகளும் வேண்டும். தெலுங்கானா அரசு 2023-ஆம் ஆண்டிலேயே குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டுள்ளது.

இளைஞர்களே! நம் தெருக்களின் தகரக்கூரைகளை அளந்து, இக்கணக்கை எழுதுங்கள். நம் கையால் ஆவதை நாமே செய்வோம். ஆகாததற்கு அக்கணக்கை மனுவோடு இணைத்து அரசிடம் கேட்போம். வெயில் அனைவர்க்கும் பொது, கூரை பொதுவன்று. அந்த வேறுபாட்டையும் அளந்து காட்டுவதே கற்றவர் கடமை.