பெயரில்லாப் பாடல், பெயரில்லா நிலம்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். நானோ கனடாவில் குடியேறிய ரஷ்ய உழவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சற்றே பொறுத்தருள்க, கவிதைக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

அவ்வுழவர்களுக்கு டூக்கோபோர் என்று பெயர். தூய ஆவியை எதிர்ப்போர் என்னும் இகழ்ச்சியாக 1785-இல் பேராயர் ஒருவர் இட்ட பெயர் அது. ஆவியின் துணையோடு போராடுவோர் என்று பொருளை மாற்றி, அவர்கள் அதையே சூடிக்கொண்டார்கள். நம் செவிக்குப் 'போர்' என்றே முடியும் இப்பெயருடையோர், 1895-இல் காக்கேசிய நாட்டில் தம் படைக்கலங்களைக் குவித்துத் தீயிட்டவர்கள்! அதற்குக் கசையடியும் நாடுகடத்தலும் பரிசாயின. அவர்கள் கடல் கடக்கவென்றே டால்ஸ்டாய், நம்மில் பலர் 'புத்துயிர்ப்பு' என்று படித்த நாவலின் வருவாயை ஈந்தார். 1899 ஜனவரியில் முதற்கப்பல் ஹாலிபாக்ஸ் துறையை அடைந்தது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 7,500 பேர் வந்திறங்கினர்.

இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்துப் புல்வெளியில் சிற்றூர்கள் எழுந்தன. ஆடவர் இருப்புப்பாதை வேலைக்குக் கூலியாட்களாய்ச் சென்றனர். உழுவதற்கு விலங்குகள் போதவில்லை. பெண்கள் இணையிணையாக நின்று தாமே ஏர் இழுத்தனர். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் உள்ளது. அதைக் கண்டு நானும் முதலில் இரங்கினேன். பிறகுதான், மண் குழைத்து அவ்வூர்களின் சுவர்களைப் பூசியவர்களும் அப்பெண்களே என்று அறிந்தேன். இரக்கம் போய் நாணம் வந்தது.

இனிக் கவிதை. அவர்களுக்குக் கோயிலில்லை, குருமார் இல்லை, திருவுருவம் இல்லை. மேசைமீது அப்பம், உப்பு, நீர். ஒருபுறம் ஆடவர், மறுபுறம் பெண்டிர். ஒவ்வொருவருள்ளும் இறைவன் உறைகிறான் என்பதால் ஒருவரையொருவர் குனிந்து வணங்குவர். பின்னர்ப் பாடுவர். இசைக்கருவி கிடையாது. ஓர் அசையை அவர்கள் நீட்டும் நீட்டத்தில் சொல்லே கரைந்துபோகும். புதிதாய்க் கேட்பவர்க்குப் பொருள் பிடிபடாது. பாட்டியர் வாய்மொழியாகப் பேரப்பிள்ளைகட்குத் தந்த அப்பாடல் தொகுதியை 'வாழும் நூல்' என்றார்கள். 'எழுதாக் கிளவி' என்னும் நம் பழஞ்சொல்லை இங்கே தயங்காமல் ஆளலாம். பாடல்களில் பலவற்றுக்கு இயற்றியவர் பெயர் இல்லை. கேட்டால் எல்லாருடையவும் என்பதே விடையாக இருந்திருக்கும்.

நிலத்தைப் பற்றியும் அவர்கள் அவ்வாறே எண்ணினார்கள். இடர் அங்கேதான் வந்தது. ஆளுக்கு 160 ஏக்கர் தருவதாகச் சொன்ன அரசு, ஒவ்வொருவரும் தம் பெயரில் பதிவு செய்து, மன்னருக்கு விசுவாச உறுதிமொழியும் அளிக்க வேண்டும் என்றது. சிலர் பதிந்துகொண்டு தனித்து உழுதனர். அவர்களை நான் குறை கூறேன், குழந்தைகளின் பசி அறிந்தவர்கள். பெரும்பாலோர் மறுத்தனர். 1907-இல், அவர்கள் உழுது பண்படுத்திய நிலத்தின் பெரும்பகுதி பறிபோயிற்று. (அந்நிலமும் அதற்குமுன் பூர்வகுடியினருடையது என்பதை இவ்விடத்தில் மறைப்பது நேர்மையாகாது.) அடுத்த ஆண்டு முதல், அவர்தம் தலைவர் பீட்டர் வெரிகினின் வழிகாட்டலில், ஆயிரக்கணக்கானோர் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பள்ளத்தாக்குகளுக்குச் சென்று மீண்டும் காடு திருத்திப் பழத்தோட்டம் வைத்தனர்.

1899-இல் அவர்களோடு கப்பலேறி வந்த போஞ்ச்-புருயேவிச் என்பார், பின்னாளில் லெனினின் செயலராக இருந்தவர், பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். 'வாழும் நூல்' 1909-இல் அச்சேறியது. நிலம் போன இரண்டாம் ஆண்டு அது. நம் விழா மலரில் ஒவ்வொரு கவிதையின் கீழும் பெயர் அச்சாகியிருக்கிறது. என் உரைக்கு மேலும் என் பெயரும் பட்டமும் இருக்கும். அவற்றை நீக்கச் சொல்லும் துணிவு எனக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு அமைகிறேன்.