கருந்துணி போர்த்த நாற்காலியும் திறந்திருந்த கதவும்

   

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் முழுநேரப் புலவர் எனத்தக்கவர் மிகச் சிலரே. பகலெல்லாம் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தறியிலும் கடையிலும் உழைத்தவர்கள், மாலையில் பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்து, பெற்றோரின் மருந்துக்கு வழி செய்து, ஊர் உறங்கிய பிறகு ஒரு வெண்பாவின் ஈற்றடிக்காக விழித்திருக்கிறார்கள். தொழில், கல்வி, கலை, இல்லம் என்னும் நான்கும் ஒரே நாளில் பங்கு கேட்கின்றன. இவற்றிடையே போரில் மடிந்தோரை நினைத்தல் என்னும் கடமைக்கு இடம் எங்கே? ஆண்டுக்கு ஒரு நாளை ஒதுக்கி, ஓர் இரங்கற்பா பாடி, மறுநாள் மறந்துவிடுதல் போதுமா? அன்றி, மாண்டவரை மறவாதிருக்க விரும்புவோர் தம் பாட்டையும் இல்லத்து மகிழ்ச்சியையும் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

இவ்வினாக்களுக்கு விடை தேட, ஒரு கவிஞர் வாழ்ந்த வாழ்வையும் அவர் மாண்டபின் அவர் வீட்டார் வாழ்ந்த வாழ்வையும் நோக்குதல் தகும். அவர் வேல்ஸ் நாட்டு ஆட்டிடையர். வெல்ஷ் மொழிக் கவிஞர். முதல் உலகப் போரில் மாண்டவர். எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ் என்பது இயற்பெயர். ஹெத் வின் என்பது புலவர் கூட்டம் அவருக்கு 1910இல் சூட்டிய பெயர். 'தூய அமைதி' என்பது அதன் பொருள்.

1887 ஜனவரி 13 அன்று, வேல்ஸின் வடமேற்கே மலைகள் சூழ்ந்த ட்ராஸ்வனித் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் மூத்தவர். அர் அஸ்கூர்ன் என்னும் மலைப் பண்ணையே குடும்பத்தின் வாழ்வு. பதினான்கு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. ஆடுகளின் பின்னே மலையேறும் வாழ்வு தொடங்கியது. ஆயினும் கல்வி நிற்கவில்லை. தந்தையும் பாட்டில் நாட்டமுடையவர். அவர் தேடித் தந்த யாப்பு நூலே சிறுவனுக்கு ஆசானாயிற்று.

வெல்ஷ் யாப்பு எளிதன்று. அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வருதல் வேண்டும். அடிக்குள்ளேயே இயைபு அமையும் வகையும் உண்டு. எதுகையும் மோனையும் தவறாது வெண்பா யாக்க முயன்றவர்கள், அவ்வருமையைச் சொல்லாமலே உணர்வார்கள். மேய்ச்சலுக்கு நடுவே அந்தக் கலையை அவர் பயின்றார். 1907இல் பாலா என்னும் ஊரின் விழாவில் முதற்பரிசாக ஒரு நாற்காலி பெற்றார்.

நாற்காலி என்றது ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். ஐஸ்தெத்வட் என்பது வேல்ஸ் மக்களின் கலைத் திருவிழா. கவியரங்கமும் இசையரங்கமும் போட்டியும் அதில் ஒன்றாகக் கூடும். ஊரளவிலும் நடக்கும், நாடளவிலும் நடக்கும். மரபு யாப்பில் அமைந்த நெடும்பாட்டுக்கு அங்கே பரிசு உண்டு. வேலைப்பாடமைந்த ஒரு மர நாற்காலியே பரிசு. புனைபெயரில் பாட்டை அனுப்ப வேண்டும். முடிவு அறிவிக்கும் நாளில் தலைமைப் புலவர் அப்புனைபெயரைச் சொல்லி அழைப்பார். வென்றவர் அவையினர் நடுவிலிருந்து எழுந்து நிற்பார். வாளை உறையிலிருந்து சிறிதே உருவி, 'அமைதி உண்டா?' என்று தலைமைப் புலவர் மும்முறை வினவுவதும், அவையோர் 'அமைதி' என்று விடையிறுப்பதும் அவ்விழாவின் சடங்கு. 1916இல் நாடளவிலான போட்டியில் ஹெத் வின் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு முதலிடம் என்னும் ஆவல் அவருக்கு எழுந்தது இயல்பே.

ஆனால் 1916இல் கட்டாயப் படைச்சேர்ப்பும் வந்தது. பண்ணை வேலைக்கு ஆள் வேண்டும் என்றாலும், அக்குடும்பம் ஒரு மகனை அனுப்பியே தீர வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இளவல் ராபர்ட் போகாதிருக்கும்பொருட்டு மூத்தவர் 1917இன் தொடக்கத்தில் படையில் சேர்ந்தார். போர் வெறி அவரைக் கொண்டு செல்லவில்லை. புகழ் வேட்கையும் அன்று. வீட்டில் ஒருவர் போக வேண்டும்; அந்த ஒருவர் தம்பியாக இருக்கலாகாது. அவ்வளவே.

அவ்வாண்டு வசந்தத்தில் நாட்டில் உழவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பண்ணை மக்கள் சிலரைப் படை தற்காலிகமாக ஊருக்கு அனுப்பியது. ஹெத் வின்னுக்கு ஏழு வார விடுப்புக் கிடைத்தது. உழவுக்கென்று தந்த விடுப்பில் அவர் பெரும்பொழுதைப் பாட்டுக்கே செலவிட்டார். அவ்வாண்டுப் போட்டிக்கு அறிவித்திருந்த தலைப்பு 'வீரன்' என்பது. விடுப்பு முடிந்தும் அவர் திரும்பவில்லை. படைக்காவலர் வயலிலிருந்தே அழைத்துச் சென்றனர் என்றும், அந்த அவசரத்தில் பாட்டின் படி அடுக்களை மேசைமீதே கிடந்தது என்றும், வழியில் நினைவிலிருந்து அதை மீண்டும் எழுதினார் என்றும் சொல்வர். ஜூலைத் திங்களில், பிரான்சில் படை தங்கியிருந்த சிற்றூரிலிருந்து பாட்டு விழாக் குழுவுக்குச் சென்றது.

இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். தொழிலையும் கலையையும் இல்லத்தையும் சமன் செய்தல் என்று இன்று பலரும் எளிதாகப் பேசுகிறார்கள். துலாக்கோலின் தட்டுகளைப் போல அவை ஒருபோதும் நிற்பதில்லை. ஒருவர் எழுதும்போது வேறொருவர் ஆடு மேய்க்கிறார். ஒருவர் படிக்கும்போது வேறொருவர் அடுப்பெரிக்கிறார். சமநிலை என்பது ஒருவரின் நாட்குறிப்பில் இல்லை. ஒரு குடும்பத்தின் பொறுமையில் இருக்கிறது. அர் அஸ்கூர்ன் வீடு தன் மூத்த மகனின் பாட்டுக்கு இடம் கொடுத்தது. அந்தக் கடனை அம்மகன், தம்பிக்கு மாற்றாகப் படைக்குச் சென்று அடைத்தார்.

1917 ஜூலை 31. பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு வடக்கே பில்கெம் மேட்டில் பெருந்தாக்குதல் தொடங்கியது. அதன் முதல் நாளிலேயே ஹெத் வின் வீழ்ந்தார். அப்போது வயது முப்பது. அதே நாளில், அதே ஈப்பர்க் களத்தில், அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் மாண்டார். அவரும் 1887இல் பிறந்தவர். செப்புச் சுரங்கத்திலும் சாலைப் பணியிலும் உழைத்துக்கொண்டே பாடியவர். படைக்காகச் சாலை போடும் வேலையில் இருந்தபோதே குண்டு வீழ்ந்தது. இடையரும் சாலைத் தொழிலாளியும் இன்று ஒரே கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர்.

1917 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் தேசிய விழா நடந்தது. தலைமை அமைச்சர் லாயிட் ஜார்ஜும் வந்திருந்தார். தலைமைப் புலவர் வென்றவரின் புனைபெயரை அழைத்தார். எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தார். எழவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு, வென்றவர் ஐந்து வாரங்களுக்கு முன்பே களத்தில் மாண்டார் என்னும் செய்தி அவைக்கு அறிவிக்கப்பட்டது. நாற்காலியைக் கருந்துணியால் போர்த்தினர். அதைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளேட்டரன்; போருக்கு அஞ்சிப் பெல்ஜியத்திலிருந்து வந்து அந்நகரில் அடைக்கலம் புகுந்திருந்த தச்சுக் கலைஞர். அவருடைய நாட்டு மண்ணில் மாண்டவருக்கு அவருடைய கையால் நாற்காலி அமைந்தது.

நாற்காலி ட்ராஸ்வனித் மலைவீட்டுக்கு வந்தது. வேறொரு குடும்பமாயின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கும், அதில் தவறுமில்லை. அக்கவிஞரின் தாய் மேரி எவன்ஸோ வீட்டாரிடம் ஒன்றே ஒன்று வேண்டினார்: கதவு திறந்தே இருக்கட்டும். மகனின் நாற்காலியைக் காண வருவோர் திரும்பிப் போகலாகாது.

அச்சொல்லைக் காத்தவர்களுள் ஒருவர் பேரர் ஜெரால்டு வில்லியம்ஸ். அவர் அருங்காட்சியக அலுவலர் அல்லர், பண்ணை உழவர். ஆடு கன்று ஈனும் பருவமும், வைக்கோல் உலர்த்தும் பருவமும் அவருக்கும் உண்டு. வேலையின் நடுவே கதவு தட்டப்படும். வந்தவரை அழைத்துப் போய் நாற்காலியைக் காட்டுவார், கதை சொல்வார், பிறகு வேலைக்குத் திரும்புவார். பல பத்தாண்டுகள் இவ்வாறே சென்றன. 2012இல் அவ்வீட்டை ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஜெரால்டு 2021இல் மறைந்தார். அவர் நினைவுக்காக உழவை விட்டவரல்லர். உழவுக்காக நினைவை விட்டவருமல்லர்.

ஊரார் 1923இல் ஹெத் வின்னுக்கு வெண்கலச் சிலை எடுத்தனர். தாயே அதைத் திறந்து வைத்தார். போரில் மாண்டவரின் சிலையாயினும் அதில் படைவீரனின் உடையில்லை, துப்பாக்கியில்லை. இடையராகவே நிற்கிறார். 1918இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுப்புக்கும் 'இடையனின் பாடல்கள்' என்பதே பெயர். கல்லறையிலோ, படை எண்ணுக்கும் பெயருக்கும் மேலாக, 'தலைமைப் புலவர் ஹெத் வின்' என்ற சொற்களும் பின்னர் வேண்டிப் பெற்றுப் பொறிக்கப்பட்டன. படையில் அவர் இருந்தது ஏறத்தாழ ஆறு திங்கள். இடையராகவும் கவிஞராகவும் இருந்தது ஆயுள் முழுதும். ஊர் எதை நினைவிற் கொண்டது என்பது நோக்கத்தக்கது. சாவை மட்டும் நினைப்பது பாதி நினைவு. சாவு எதனை இடைமுறித்தது என்பதையும் நினைப்பதே முழு நினைவு.

அவர் மாண்ட களத்துக்கு அருகிலுள்ள ஈப்பர் நகரிலும் இவ்வுண்மையைக் காணலாம். கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள், இந்திய வீரர் பெயர்களும் அடங்க, அங்குள்ள மெனின் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. 1928 முதல் மாலை எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அவ்வாயிலின் கீழ்ப் பியூகிள் ஊதி அஞ்சலி செய்யும் வழக்கம் நிலவுகிறது. ஊதுபவர்கள் படைவீரர்கள் அல்லர். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள். பகலில் அவரவர்க்கு வேறு தொழில். வீட்டில் மனைவி மக்கள். 1940 முதல் நான்காண்டுகள் செர்மானியர் ஆட்சியில் அங்கே ஒலி நின்றது. 1944 செப்டம்பர் 6 அன்று நகரம் விடுதலை பெற்ற அன்றைய மாலையே மீண்டும் எழுந்தது. 2020இல் கொள்ளைநோய் ஊரை அடைத்தபோதும் கேட்பார் இல்லாத வாயிலின் கீழ் ஒருவர் தனித்து நின்று ஊதினார். சில மணித்துளிகளே ஆகும் செயல் அது. ஆயினும் நாள்தோறும் நடப்பதால் பெருஞ்செயலாயிற்று.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் துறை வகுத்துச் சொல்கிறது. மன்னர்க்கு மட்டுமா கல் எழுந்தது? ஆநிரை மீட்டுப் பட்ட எளியோர்க்கும் எழுந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தியைச் சொல்கிறது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவனுடைய நாயின் உருவையும் கோவிவன் என்னும் அதன் பெயரையும் காட்டுகிறது. இறந்தவனின் தொழில் எது, உடனிருந்த துணை எது என்பதைக் கல் மறக்கவில்லை. அத்தகைய கற்கள் ஊரார் நாளும் நடக்கும் வழியிலும் வயலோரத்திலும் நின்றன. ஏர் தூக்கிச் செல்பவன் ஒரு கணம் நின்று கும்பிட்டுச் செல்வான். வேலை தடைப்படவில்லை, வீரன் மறக்கப்படவுமில்லை.

ஆகவே, பத்தாண்டு நிறைவில் இவ்வட்டத்துக் கவிஞர்கள் எண்ணத்தக்கது இது. வீழ்ந்தவரைப் பற்றிப் பாடும் பாட்டில் குருதியும் வெற்றியும் போதுமான அளவு வந்துவிட்டன. அவன் விட்டுச் சென்ற வேலை எது, பாதியில் நின்ற படிப்பு எது, யாருக்கு மாற்றாக அவன் சென்றான், அவன் வீட்டுக் கதவை இன்று திறந்து வைத்திருப்பவர் யார் என்பன இனிப் பாட்டில் வருதல் வேண்டும். அவ்வினாக்களைக் கேட்பதற்கு விடுமுறை வேண்டியதில்லை, துறவும் வேண்டியதில்லை. அலுவல் முடிந்து வந்து, வீட்டு வேலை ஓய்ந்தபின், விளக்கடியில் கிடைக்கும் அதே அரைமணி நேரம் போதும். ஆனால் அது தவறாது வருதல் வேண்டும்.

மாண்டவர்கள் கேட்பது வாழ்வோரின் வாழ்வையன்று. அவர்கள் இழந்தவையும் இவையே: தொழிலும் கல்வியும் பாட்டும் இல்லமும். அவற்றைச் செம்மையாக வாழ்ந்து, நடுவே ஒரு நாற்காலியை அவர்களுக்கென்று இட்டு வைத்தல் வாழ்வோர் கடன். கதவு திறந்தே இருக்கட்டும்.