கடைத்தெருப் பாஷை

(வேளாங்கண்ணியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்த அனுபவம்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார் நம் சங்கச் செயலாளர். வெளிநாடு என்றதும் லண்டன், அமெரிக்கா என்று நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் போனது மாலத்தீவு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இங்கேயிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிற நேரம்கூட இல்லை. ஆனாலும் அது வேறு உலகம்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரைக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. மெழுகுவர்த்தி, ஜெபமாலை, சிப்பி மாலை, பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் சாமான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை கடையில் நிற்க இடம் இருக்காது. அப்பா இந்தியில் விலை சொல்வார், மராத்தியில் பேரம் பேசுவார், கொங்கணியில் நலம் விசாரிப்பார், மலையாளத்தில் சண்டையே போடுவார். "முதல்ல எண்ணு, அப்புறம் உறவு, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்பார். அதாவது, ஒரு பாஷையில் ஒன்று முதல் நூறு வரை எண்ணத் தெரிய வேண்டும். அம்மா, அக்கா, அண்ணன் என்று கூப்பிடத் தெரிய வேண்டும். மீதியை வந்தவர்களே சொல்லித் தருவார்கள். இதுதான் அவருடைய இலக்கணம்.

கல்லூரியில் சேர்ந்து ஷேக்ஸ்பியர் படித்தபோது இது எனக்குக் கேவலமாகப் பட்டது. உண்மையைச் சொல்கிறேன். மூன்று வருஷத்தில் ஒரு தோழியைக்கூட நான் கடைக்கு அழைத்துப் போனதில்லை.

எம்.ஏ., பி.எட். முடித்து ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் மாதம் 1,500 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். அப்போதுதான் மாலத்தீவுக்கு ஆசிரியர்கள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே 1960-களிலேயே ஆங்கில வழிக் கல்வி வந்துவிட்டது. உள்ளூரில் ஆசிரியர்கள் போதாததால் இலங்கையிலிருந்தும், கேரளம், தமிழ்நாடு முதலிய இடங்களிலிருந்தும் வரவழைத்தார்கள். ஏறத்தாழ 1,200 தீவுகள். ஆள் குடியிருப்பது 200-க்கும் குறைவானவற்றில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேஹி மொழி. அன்று பரீட்சை எழுதியதோ இங்கிலாந்திலிருந்து வந்த ஓ லெவல் வினாத்தாளுக்கு. நடுவில் நிற்கிற தோணிக்காரர்தான் ஆங்கில ஆசிரியர்.

2002 ஜனவரியில் போய் இறங்கினேன். விமான நிலையமே தனித் தீவு. 2018-ல்தான் தலைநகர் மாலேக்குப் பாலம் வந்தது, அன்றைக்குத் தோணிதான். மாலேயிலிருந்து ஓர் இரவு முழுக்கப் படகில் போய் என் தீவை அடைந்தேன். சுமார் 800 பேர். அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். பள்ளியில் பேசிவைத்த வீட்டில் ஓர் அறை. வீட்டுக்கார அம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்காவுக்கு அவர்கள் மொழியில் "தத்தா". நான் நம்மூர்த் தாத்தாவை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

போன மூன்றாம் நாளே ஒரு தப்புச் செய்தேன். வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு, ஒரு தொட்டி. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது. தொட்டித் தண்ணீர் நன்றாக இருந்தது. அதில் என் துணிகளையெல்லாம் துவைத்து அலசிக் காயப்போட்டேன். அது மழைநீர்த் தொட்டி! கூரையிலிருந்து குழாய் வைத்துப் பிடித்த குடிதண்ணீர். அந்தத் தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மழையைப் பிடித்து வைத்தால் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவான காலம். அப்படிப்பட்ட நேரத்தில் நாலைந்து நாள் குடிதண்ணீரை நான் சோப்பு நுரையாக்கி ஓடவிட்டேன்.

தத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கிணற்றைக் காட்டித் துணி துவைப்பதுபோல் சைகை செய்தார். தொட்டியைக் காட்டி வாயில் கை வைத்துக் குடிப்பதுபோல் காட்டினார். "ஃபென்" என்றார். தண்ணீர் என்று அர்த்தம். அங்கே நான் கற்ற முதல் பாடம் அதுதான். குடிதண்ணீருக்காகக் குடத்தோடு குழாயடியில் நின்று வளர்ந்தவள் நான். கேட்காமல் செய்தேனே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

அன்று ராத்திரிதான் அப்பா நினைவு வந்தது. முதல்ல எண்ணு. மறுநாள் தத்தாவின் சின்ன மகளைக் கூப்பிட்டு, விரலைக் காட்டி எண்ணச் சொன்னேன். "எகே, தே, தினே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏக், தோ, தீன்! அப்பாவின் கடைப் பாஷைக்குச் சொந்தக்காரப் பாஷை. திவேஹி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. இந்தி, மராத்திக்குத் தூரத்து உறவு. எழுதுவது மட்டும் வலமிருந்து இடமாக. தேடினால் நம் சொற்களும் கிடைத்தன. இளநீர் அங்கே "குரும்பா", முருங்கை "முரங்கா", மீன் "மஸ்". தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று வாங்குகிறார்களே, அந்தக் கட்டை போன்ற சூரை மீன் கருவாடு, அது அங்கிருந்து வந்ததுதான். ஒரு மாதத்தில் கடையில் நானே சாமான் வாங்கினேன். இரண்டு மாதத்தில் பேரம் பேசினேன். அந்தத் தீவில் பேரம் பேசுகிற வழக்கம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது!

சாப்பாட்டைக் கேட்பீர்கள். அரிசி, மாவு, சர்க்கரை எல்லாமே கப்பலில் வருவது. காய்கறிப் படகு வாரத்துக்கு ஒரு முறை. கடல் சரியில்லை என்றால் அதுவும் இல்லை. தேங்காயும் மீனும் மட்டும் குறைவில்லை. காலையில் சூரையும் வெங்காயமும் தேங்காய்த் துருவலும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். "மஸ் ஹுனி" என்று பெயர். நம் சம்பா அரிசிச் சோற்றுக்கு நாக்கு ஏங்கும். நவம்பரில் நோன்பு வந்தது. நாகூருக்குப் பக்கத்திலே வளர்ந்தவளுக்கு நோன்பு புதிதா? பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையில் தட்டுத் தட்டாகப் பலகாரம் என் அறைக்கு வந்தது.

வகுப்பறைக்கு வருகிறேன். நான் "பிப்டி" என்றால் பிள்ளைகள் "ஃபிஃப்டி" என்று திருத்தினார்கள். அவர்கள் மொழியில் அந்த ஒலி நிறைய உண்டு; நமக்குத்தான் தகராறு. எம்.ஏ. படித்த கர்வம் அங்கே கொஞ்சம் இறங்கியது. பாடப் புத்தகத்தில் ரயில் பயணம் வந்தது. ரயிலைப் பார்த்த பிள்ளை ஒன்றும் இல்லை. அதைப் படகுப் பயணமாக மாற்றி எழுதச் சொன்னேன். ஆனால் ஆறு வந்தபோது மாற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. காவிரிக் கடைமடைக்காரி ஆற்றை விட்டுக்கொடுப்பாளா? எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஈர மணலில் ஒரு மேடு கட்டி, அதிலிருந்து வாய்க்கால் கிழித்தேன். ஒன்று இரண்டாகப் பிரிந்தது, இரண்டு நாலாயிற்று, நாலும் கடலுக்குப் போயின. வாளியால் தண்ணீர் ஊற்றினோம். "இதுதான் ஆறு, இது கிளை, இது என் ஊர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாய்க்கால் முடிகிற இடத்தில் தத்தாவின் மகள் ஒரு சிப்பியை வைத்து, "மிஸ்ஸுடைய வீடு" என்றாள்.

2004 டிசம்பரில் தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று நான் ஊருக்கு வரவில்லை. 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் கடல் தீவுக்குள் வந்தது. எங்கள் தீவில் உயிர்ச்சேதம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர் வந்து போயிற்று. வீட்டுச் சுவர் ஒரு பக்கம் விழுந்தது, கிணறு முழுக்கக் கடல் உப்பு, மின்சாரம் இல்லை, போன் இல்லை. மாலத்தீவு முழுவதிலும் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில தீவுகளையே மக்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று.

தொட்டி சாய்ந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. தத்தா ஒரு டம்ளரை எடுத்து, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்காக அளந்தார். என் பங்கும் அவர் பிள்ளையின் பங்கும் ஒரே அளவு. கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முன்னே அதே தண்ணீரில் துணி துவைத்தவள் நான். அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோது என்னால் குடிக்க முடியவில்லை.

இரவு சின்ன டிரான்சிஸ்டரில் தமிழோசை கேட்டேன். நாகப்பட்டினம் என்றார்கள். வேளாங்கண்ணி என்றார்கள். அந்தக் காலை எங்களை நனைத்த அதே அலை, அதற்குச் சற்று முன்னால் இங்கே வந்திருந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்கள். இங்கே கடலோரத்தில் நின்றிருந்த யாத்ரீகர்கள் எத்தனையோ பேர். நாலு நாள் வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. நாலு நாளும் தத்தா என் அறையிலேயே படுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அப்பாவின் குரல் கேட்டது. கடை போயிற்று, பக்கத்துக் கடைக்காரர் போய்விட்டார், அப்பா டீ குடிக்க பஸ் நிலையம் பக்கம் போயிருந்ததால் பிழைத்தார். "நீங்க எங்கப்பா இருக்கீங்க?" என்றேன். "ஆஸ்பத்திரியிலம்மா" என்றார். பதறிப்போனேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வெளி மாநிலத்திலேருந்து தேடி வர்றாங்க. போட்டோவைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. பாஷை தெரியல. நான் கூடப் போறேன். யாவாரத்துக்குக் கத்துக்கிட்ட பாஷை, இதுக்கும் ஆவுது."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் என் அப்பாவின் பாஷையை ஒருநாளும் கேவலமாக நினைக்கவில்லை.

2008-ல் ஊர் திரும்பினேன். அப்பா இப்போது இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் சிலர் நாளைக்கு மாலத்தீவுக்கோ, வளைகுடாவுக்கோ, ஆப்பிரிக்காவுக்கோ போவீர்கள். உங்களுக்குச் சில வார்த்தைகள். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். வீட்டு வாடகை யார் தருவது, விமான டிக்கெட் யார் தருவது, சம்பளம் எந்த நாட்டுப் பணத்தில், அதில் மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும் என்று கேளுங்கள். நான் இருந்த காலம் முழுக்க ஒரு டாலருக்கு 12.80 ருஃபியா, 2011-க்குப் பிறகு 15.42 வரை மதிப்பு இறங்கியது. கணக்குப் போடாமல் போனவர்கள் கஷ்டப்பட்டார்கள். அந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவில் பிற மத வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகக் கூடாது, பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபடக் கூடாது. நான் ஏழு வருஷம் மனசுக்குள்ளேயே ஜெபம் செய்தேன். உங்கள் சான்றிதழ்களின் நகலை வீட்டில் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

இதெல்லாம் பெட்டியில் வைக்கிற விஷயம். மனசில் வைக்க வேண்டியது ஒன்றுதான். நாம் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறோம் என்பதால், அங்கே உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடாது. போன முதல் நாளே எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக்காரரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று கேளுங்கள். குடிக்கிற தண்ணீர் எது என்று கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்லித் தருவார்கள்.

தத்தாவின் சின்ன மகள் இப்போது அதே தீவுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சென்ற வருஷம் போனில் பேசினாள். ஆறு பாடம் வந்தால் பிள்ளைகளைக் கடற்கரைக்குத்தான் அழைத்துப் போகிறாளாம். கடைசியில் அந்தச் சிப்பியை வைக்க மறப்பதில்லையாம்.