வெயிலும் விறகும்



சித்திரை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எலெக்ட்ரானிக் சிட்டியின் தேநீர்க் கடைகளில் நம்மவர் பேச்செல்லாம் வெயிலைப் பற்றியதாகிவிடுகிறது. ‘பெங்களூரு முன்பெல்லாம் இப்படியா இருந்தது?’ என்று கேளாதவர் அரியர். அக்கேள்வியில் பொருள் இல்லாமலும் இல்லை. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. எனினும், இங்கே நாம் படும் வெயில், ஊரில் உள்ளோர் படும் வெயிலுக்கு நிழல் போன்றதே. பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர்ச் சாலை வழியே கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் அவ்வுயரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அங்கிருந்து ஊத்தங்கரை, அரூர், செங்கம் என்று செல்லச் செல்ல, காற்றில் அனல் ஏறுவதைப் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தே உணரலாம்.

1978-ஆம் ஆண்டளவில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் இத்தொழில் நகரை அமைத்தது. அதன் கட்டடங்களை எழுப்பிய கைகளிலும், இன்று அவற்றைக் கூட்டித் துடைத்துக் காவல் காக்கும் கைகளிலும் பல, நான் மேலே சொன்ன வட்டங்களிலிருந்து வந்தவை. வெள்ளிக்கிழமை மாலைகளில் நெடுஞ்சாலை ஓரத்தில் பையுடன் பேருந்துக்கு நிற்போரைக் கண்டால் இது விளங்கும். அவர்கள் திரும்பிச் செல்லும் வீடுகளின் அடுப்பங்கரையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கோடையின் கொடுமை ஒன்று, எரிபொருள் தட்டுப்பாடு மற்றொன்று என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அரசுக் கோப்புகளிலும் இவை இரண்டும் வெவ்வேறு துறைகளுக்கு உரியவை. சிற்றூரில் ஒரு பெண்ணுக்கோ இவை இரண்டும் ஒரே சுமை. வெயிலில் நடந்து சுள்ளி பொறுக்குகிறாள். சும்மாட்டின்மேல் அதனை ஏற்றி வெயிலிலேயே திரும்புகிறாள். பின்னர் அதே விறகை மூட்டி, அதன் முன் ஒரு மணி நேரம் குந்தி அமர்கிறாள். மேலே கீற்றுக் கூரையாயிருந்த காலத்தில் சிறிது தணிவு இருந்தது. இப்போது பல வீடுகளில் இருப்பது கல்நார்த் தகடு. பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அது இரவில் கக்குகிறது.

மொழிபெயர்ப்பே என் தொழில். ‘வெப்ப அலை’ என்ற தொடரை எத்தனையோ சுற்றறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியையேனும் எட்டி, இயல்பினும் 4.5 டிகிரியாவது மிகுந்திருந்தால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் வரையறை. அந்த அளவை எடுக்கும் கருவி, காற்றோட்டமுள்ள வெண்ணிற மரப்பெட்டியில், நிழலில் இருக்கிறது. அடுப்பின் முன் அமர்ந்தவளின் வெப்பத்தை எந்தக் கருவியும் அளப்பதில்லை. நம் மக்களிடம் வெக்கை, காந்தல், புழுக்கம், இறுக்கம் என்று சொற்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான துன்பத்தைக் குறிக்கும். அலை என்றால் வந்து போவது. இவையோ வந்தால் போவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. நல்ல செயல்; ஐயமில்லை. ஆனால் சாகாமல் துன்புறுவோரின் கணக்கு வேறு. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் கருவுற்ற உழைக்கும் பெண்கள் 800 பேரை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டனர். மிகு வெப்பத்தில் உழைத்தவர்களிடையே கருச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் பட்ட வெப்பம் அது. வீடு திரும்பியபின் அவர்களுக்காகக் காத்திருக்கும் அடுப்பு வேறு.

‘இப்போது எல்லார் வீட்டிலும் எரிவாயு இருக்கிறதே?’ என்று நேயர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-இலேயே ஏழைகளுக்கு அடுப்புடன் இலவச இணைப்பு வழங்கத் தொடங்கினர். 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளை நாடெங்கும் தந்திருக்கிறது. இடர்ப்பாடு முதல் உருளையில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த உஜ்வலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரி 3.21 உருளைகளே வாங்கின என்று, 2018 டிசம்பர் வரையான கணக்கைக் கொண்டு மத்திய தணிக்கைத் துறை 2019-இல் எழுதியது. பின்னர் அது நான்கைத் தாண்டியது என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுக்கு நான்கு என்றால் ஓர் உருளை மூன்று மாதம் வர வேண்டும். 14.2 கிலோ வாயு ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதம் வருமா? எஞ்சிய நாள்களில் விறகுதான்.

உருளைக்கு மானியம் உண்டு. 2023-இல் அது 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் முழு விலையையும் முதலில் எண்ணி வைத்தால்தான் மானியம் பின்னர் வங்கிக்கு வரும். 800 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஒரே நாளில் எடுத்து வைப்பது கூலி வீட்டில் எளிதன்று. சுள்ளிக்கோ எவரும் பணம் கேட்பதில்லை. ஊத்தங்கரைப் பக்கத்தில் இருக்கும் என் சிற்றன்னையிடம் ஒருமுறை, “சின்னம்மா, காஸ் இருக்கும்போது எதுக்கு இந்தப் புகை?” என்று கேட்டேன். “அது விருந்தாளி வந்தா டீ போட வெச்சிருக்கேன், சாமி. நீ வந்திருக்கியே, இரு, பத்த வெக்கிறேன்” என்றார். அந்தத் தேநீரைக் குடிக்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

விறகடுப்பை விடாதது பழக்கத்தினால் என்று கூறுவார் உளர். ஓரளவு உண்மை. கேழ்வரகுக் களி கிண்டுவதற்கு இரு கைகளாலும் துடுப்பைப் பிடித்து அழுத்த வேண்டும். எரிவாயு அடுப்பின் மெல்லிய கால்கள் அந்த அழுத்தத்தைத் தாங்குவதில்லை. அடுப்பு செய்தவர்கள் களி தின்னாதவர்கள் போலும்! எனினும் பழக்கம் என்னும் வாதத்தை மறுக்கும் சான்று ஒன்று நம்மிடமே இருக்கிறது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், நம் நாட்டின் களங்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளே. ஒரு பாதியினருக்கு அடுப்பையும் வாயுவையும் விலையின்றி வீட்டிற்கே கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் விறகை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டனர். பிறந்த குழந்தைகளின் எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை என்று 2022-இல் வெளியான முடிவு கூறியது. ஆய்வாளர்க்கு அது ஏமாற்றமாய் இருந்திருக்கலாம். ஆனால் உருளை தடையின்றி வந்தால் நம் பெண்கள் புகைக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது நிலைநாட்டப்பட்டது.

தென் மாவட்டத்து நேயர்கள் சீமைக் கருவேலத்தை நான் மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 1870-களில் சென்னை மாகாண வனத்துறையார், விறகுக்கென்றே இம்மரத்தின் விதையை வெளிநாட்டிலிருந்து வருவித்தனர். 1877-இல் அது கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டது. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் இன்று கண்மாயை அடைத்து நிற்கும் அதே மரத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே அகற்றச் சொன்னது. கண்மாய்க்குள் அது இருத்தல் ஆகாது; என் கருத்தும் அதுவே. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும், அதன் முள்ளையே எரித்து உலை வைத்த பெண்களும் அங்கே உளர். மரத்தை வெட்ட இயந்திரம் அனுப்புவோர், அவ்வூரில் எத்தனை வீடுகளில் உருளை காலியாய்க் கிடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

மக்கள் தாமாகக் கண்ட வழியையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் மாலையில் ஒருமுறை கேழ்வரகுக் கூழ் காய்ச்சினால் மறுநாள் பகல் வரை அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை. புளித்த கூழ் வெயிலுக்கும் இதம்; விறகும் மிச்சம். கோடையில் அடுப்பை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோவதும், விடியுமுன் நாலு மணிக்கே உலை வைப்பதும் அறிவுடைய செயல்களே. ஆனால் நாலு மணிக்கு எழுந்தவள் பகலில் வேலைக்குப் போகாதிருப்பதில்லை.

இனி, இங்கே இருக்கும் நாம் செய்யக்கூடியது. ஊரிலுள்ள இணைப்பின் நுகர்வோர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தபடியே கைப்பேசியில் உருளைக்குப் பதிவு செய்து பணமும் கட்டிவிடலாம், பலர் செய்கிறார்கள். தாய்க்குப் பணமாக அனுப்பினால் அது பேரனின் புத்தகத்துக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் போய்விடும். உருளையாக அனுப்பினால் அடுப்பங்கரைக்கே போகும். தகரக் கொட்டகையில் தங்கிக் கட்டட வேலை செய்வோர், பலகைச் சில்லுகளை எரித்துச் சமைப்பதும் நான் அறிந்ததே. அவர்கள் முகவரிச் சான்று இன்றியும் வாங்கத்தக்க 5 கிலோச் சிற்றுருளை கடைகளில் கிடைக்கிறது. புலம்பெயர்ந்தோர் தம் கைப்பட எழுதித் தரும் உறுதிமொழியே போதும் என்று 2021 ஆகஸ்டில் உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில் விதி செய்தார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்க. உருளையை ஒப்படைக்கும்போது, பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லும்படி இப்போது பல இடங்களில் கேட்கிறார்கள். இணைப்பு எடுத்த நாளில் பல வீடுகளில் மகனின் எண்ணையே கொடுத்திருப்பார்கள். மகன் பெங்களூரில் இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருப்பான். வண்டி ஊர் முக்கூட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடும். இம்முறை ஊருக்குச் செல்கையில் முகவரிடம் தாயின் எண்ணையோ, அவரிடம் கைப்பேசி இல்லையேல் அண்டை வீட்டார் எண்ணையோ மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.