இருதயம் எழுதும் கோடுகள்

(உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஆலயச் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் மருத்துவன் அல்லன். சாக்கட்டி பிடித்துக் காலம் கழித்தவன். ஆகவே இ.சி.ஜி. தாளை, கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோலவே உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. அவர் சொல்வது நமக்குப் புரிந்தால் போதும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். இந்த இயந்திரம் நம் உடலுக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. இருதயம் தானே உண்டாக்கும் மிகச் சிறிய மின்விசையைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லம் ஐந்தோவன் இதற்கான கருவியை உருவாக்கி, 1924இல் நோபெல் பரிசு பெற்றார். அக்காலத்தில் நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்! இன்று மார்பில் ஆறு, கை கால்களில் நான்கு ஒட்டிகளோடு முடிந்துவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். தாள் வழக்கமாக விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகரும். ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. அப்படியானால் ஒரு நிமிடத்திற்கு 300 பெரிய கட்டங்கள். உயரமாக எழும் கூர்முனைக்கு 'ஆர்' என்று பெயர். இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே நான்கு பெரிய கட்டங்கள் இருந்தால், 300ஐ 4ஆல் வகுங்கள்: நிமிடத்திற்கு 75 துடிப்பு. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வழக்கமான அளவு.

ஆர் முனைக்கு முன்னால் வரும் சிறு மேடு 'பி'. அது இருதயத்தின் மேலறைகளின் வேலை. கூர்முனை கீழறைகளுடையது. பின்னால் வரும் 'டி' மேடு, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டும். பி மேடே காணாமல், ஆர் முனைகளும் கண்டபடி விழுந்தால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். மேலறையில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதற்காக மருத்துவர் இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்திருந்தால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கூர்முனைக்கும் டி மேட்டுக்கும் இடைப்பட்ட கோடு மேலே தூக்கி நின்றால் அது மாரடைப்பாக இருக்கக்கூடும். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கும் முதல் இ.சி.ஜி. சரியாகவே தோன்றலாம். அதனால்தான் மருத்துவமனையில் சிறிது நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். தாளின் மேலே இயந்திரம் 'நார்மல்' என்று அச்சடித்திருக்கிறதே என்று எழுந்து வீட்டுக்குப் புறப்படுவது ஆபத்து. நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே மூச்சுத் திணறல், வியர்வை, தாடை வலி என்று வரலாம். காற்றுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, உடனே அழையுங்கள்.

இன்னொன்று. சிலருடைய இ.சி.ஜி. பல ஆண்டுகளாகவே சற்று வித்தியாசமாக இருக்கும். புதிய தாளைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா என்று தெரியும். அந்தத் தாள் மங்கிவிடக்கூடும். ஆகவே ஒரு நகல் எடுத்து, மருந்துப் பட்டியலோடு சேர்த்து, பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.