வராதவர்களும் வந்தவனும்



யான் பயின்ற பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெற் வாசித்தேன். இடாப்பில் இருபது பேர். பயிற்சிக்கு வருவோர் ஐவர். விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரத்தில் மட்டும் எல்லோரும் கூடுவர். மனஞ்சலித்து, வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். அங்கே ஒரு சிறு மாணவன், மேளம் கிடையாமல், வாங்கிலே குச்சிகளால் தாளம் பழகிக் கொண்டிருந்தான். "அண்ணா, இன்றைக்குப் பயிற்சி இருக்கிறதா?" என்றான். "இருக்கிறது" என்றேன்.

அன்று முதல் வராதவர்களை எண்ணுவதை விட்டேன். நாள்தோறும் இருபது நிமிடம், ஒரே சுரத்தை நீட்டி ஊதிப் பழகினேன். கிளாரினெற்றில் மேல்ஸ்தாயிச் சாவியை அழுத்தினால், சுரம் எட்டாவதற்கன்று, பன்னிரண்டாவதற்குத் தாவும். உதடும் மூச்சும் பழகாவிடின் கீச்சிடும். இக்குறையைப் பிறர் வரவு தீர்க்காது. தன் பயிற்சியே தீர்க்கும்.

முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்ட் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து, நோட்டுஸ்வரங்களாகத் தந்தார். செவி திறந்தவனுக்கு எந்த வாத்தியக் குழுவும் பள்ளிக்கூடமே.

எங்கள் குழு கடைசிவரை திருந்தவில்லை. போட்டியன்று அணிநடையின் நடுவே பலர் மெட்டைத் தவறவிட்டனர். அச்சிறுவனும் யானும் நிறுத்தவில்லை. நடந்தவர்களின் கால் தவறவில்லை.

இளைஞர்களே, நம் மன்றத்தின் பஜனைக்கும் இது பொருந்தும். வந்தவர் ஒருவரே எனினும், குறித்த நேரத்தில் தொடங்குங்கள்.