ஆட்டுரோமமும் நூற்கும் கைகளும்

(பெண்கள் ஐக்கியச் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆசரிப்புக் கூடாரத்துக்காக வெள்ளாட்டு மயிரைத் திரித்துக் கொடுத்தவர்கள் ஸ்திரீகள் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த வேலையை வேதம் ஞானத்தோடு சேர்த்தே பேசுகிறது. ஏன் என்பது, ஆட்டுரோமத்தை நூற்கக் கற்க உட்காருகிறவர்களுக்குச் சீக்கிரம் விளங்கும்.

நம்மில் மூத்தவர்கள் பலர் பள்ளிக்கூடத்தில் தக்களி சுற்றியவர்கள். ஆனால் பஞ்சு வேறு, ரோமம் வேறு. கத்தரித்த ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் முள்ளும் நிறைந்திருக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கசக்காமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சுடுநீரில் போட்டுத் தேய்த்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ரோமம் இறுகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. நிழலில் உலர்த்தி, விரல்களால் பிரித்து, கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளால் சீவி, மெல்லிய சுருளாக உருட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஆயத்தத்தில் அவசரப்பட்டவர் நூற்கும்போது ஒவ்வொரு முழத்திலும் அதற்கு விலை கொடுப்பார்.

இனி நூற்பு. இரண்டு கைகளுக்கும் நடுவே ஓர் இழையின் நீளத்தைவிடச் சற்று அதிக இடைவெளி வேண்டும். நெருங்கிப் பிடித்தால் ஒரே இழையின் இரு நுனிகளையும் நாமே பிடித்திருப்போம். எவ்வளவு இழுத்தாலும் நீளாது. முறுக்குக் குறைந்தால் நூல் நழுவும். மிஞ்சினால் சுருண்டு சிக்கும். புதிதாகக் கற்கிறவர்களின் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். தடித்த இடமே பலமானது என்று நினைப்போம். அப்படியல்ல. முறுக்கு மெலிந்த இடத்தை நாடியே ஓடும்; தடித்த இடத்தில் முறுக்கு ஏறாததால் அங்கேதான் பிரிந்துபோகும்.

ஒற்றை நூல்களைச் சேர்த்து, முன்பு முறுக்கியதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கினால் அவை ஒன்றையொன்று தாங்கி அமர்ந்துவிடும். பிரசங்கி முப்புரி நூலைச் சொன்னதன் அருமை அப்போது புரிகிறது.

இந்த வித்தை இன்று யாரிடம் இருக்கிறது? நம் நாட்டின் தக்காணப் பகுதியில், கர்நாடகத்தின் குருபர், தெலங்கானாவின் குருமர், மகாராஷ்டிரத்தின் தங்கர் குடும்பங்களில் இருக்கிறது. தக்காணி ஆட்டின் கரிய ரோமத்தைப் பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவுவார்கள். அந்தக் கம்பளி மேய்ப்பனுக்குக் குடையும் படுக்கையும் போர்வையுமாயிருக்கிறது. ஆனால் ஆலைக் கம்பளம் மலிவாக வந்தபின் கைநூலுக்கு விலையில்லை. இறைச்சிக்காக ரோமமில்லாத ஆட்டினங்களை வளர்க்கிறவர்கள் பெருகினார்கள். நூற்கத் தெரிந்தவர்களில் அநேகர் முதிர்வயதுள்ள தாய்மார்.

புத்தகத்தைப் படித்து இந்த வேலையை முழுவதும் கற்றுக்கொள்ள முடியாது. முறுக்குப் போதுமா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அந்த விரலுக்கு மற்றொரு விரல்தான் கற்பிக்க வேண்டும். ஆகவே, கைந்நூல் கம்பளி ஒன்றை நாம் வாங்க நேர்ந்தால் விலையைக் குறைத்துப் பேசாதிருப்போமாக. நூற்கத் தெரிந்த பாட்டியம்மா ஒருவர் அருகில் இருந்தால் நம் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரச் செய்வோமாக. அவர் கைகள் ஓயும்முன் அது நடக்கட்டும்.